எட்டுக் குழாய் ரத்தம்

என் உடம்பு ஆரோக்கியமான உடம்பு. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லை. அதனால்தான் இந்த யோசனையே வந்தது, ஐயா.

பண்ணையில் மருந்தடிக்கும் எட்டுப் பேருக்கு நான் மேற்பார்வையாளர். அதில் ஒருவன் என் தங்கை புருஷன். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் முதலில் ரத்தத்தில்தான் தெரியும்; அதிலுள்ள ஒரு நொதியின் அளவு இறங்கிவிடும். அதனால் மாதம் ஒருமுறை எல்லார் விரலிலும் குத்தி, குழாயில் பிடித்து, பெயர் ஒட்டி, ஆய்வகத்துக்கு அனுப்புவேன். அறிக்கையில் அளவு குறைந்தவன் தேறும்வரை மருந்துப் பக்கமே போகக்கூடாது.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் செய்தேன். மூன்று பேரை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. புழுவுக்கு யார் கடிதம் போடுவது? பதினைந்தே நாளில் தெற்கு வயல் வெறும் குச்சியாக நின்றது. மேலாளர் எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து எட்டுக் குழாயிலும் என் ரத்தத்தையே பிடித்தேன். அவர்கள் விரலிலும் குத்தத்தான் செய்தேன். மனத்திருப்தி என்று ஒன்று இருக்கிறதல்லவா. அவர்கள் ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விட்டுவிடுவேன். எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே வரட்டும் என்று என்னுடையதை இரண்டு மூன்று நாளில் பிரித்து எடுப்பேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை வந்தான்.

"மச்சான், கை நடுங்குது. எச்சி ஊறிக்கிட்டே இருக்கு. எதிர்ல வர்ற ஆளே மங்கலாத் தெரியுது. நாலு நாள் வேற வேலை குடுங்களேன்."

அறிக்கையை எடுத்துக் காட்டினேன். "பாரு மாப்ள, எட்டுப் பேர்ல உன் ரத்தம்தான் முதல் தரம்."

"அப்ப நான்தான் சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டேனா?" என்று சிரித்தான், பாவம். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போனான். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறி வயலிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தங்கையும் ஓடி வந்தாள்.

"பூச்சிமருந்துன்னா அதுக்கு ஊசி இருக்கு, இப்பவே போட்டாகணும்," என்றார் டாக்டர். பிறகு என் கையிலிருந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தார். போன வாரத் தேதி, எல்லாம் சரியான அளவு.

"இது இவரோட ரத்தம்தானே?"

தங்கை என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்றேன். அந்த ஊசியை விட்டுவிட்டு நெஞ்சுச் சளிக்கு வைத்தியம் பார்த்தார்கள். மாலைக்குள் முடிந்துவிட்டது.

டாக்டரிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். நானும் அவனும் ஒரே குடும்பம், ஐயா. அதை அப்படியொன்றும் பெரிய பொய் என்று சொல்லிவிட முடியாது.