முதலில் இறங்குகிறவன்

– கால்ல இந்தக் கட்ட யாரு மாத்தினது ரமேசு? நேத்து நான் போட்ட முடிச்சு இப்படி இருக்காதே.

– மா மக்தலேனா வந்தா செல்வண்ணே. தெருக்கோடியில இருக்காளே, நர்சு. காலையில டூட்டி முடிஞ்சு வர்றப்ப எட்டிப் பாத்தா.

– அவள எதுக்குக் கூப்பிட்ட? ஒன்பது நாளா நான் வந்து கால கழுவி மருந்து போடலயா? தாமுவேயில இருந்து இந்தத் தின்கன்ஜூனுக்குத் தினமும் பஸ்ஸுல நின்னுகிட்டே வர்றேன். சத்தியமா சொல்றேன், கூடப்பொறந்தவன் செய்ய மாட்டான்.

– ஹொக்தே அண்ணே, ஆமா, செய்ய மாட்டான். அவகிட்டயும் அதத்தான் சொன்னேன். நான் கூப்பிடல. மஞ்சுளா மாவ்பியில அவ அம்மா வீட்டுல இருந்து போன் போட்டு, அவர் கால ஒரு தடவ போய்ப் பாருன்னு சொல்லியிருக்கா.

– வீட்ட விட்டுப் போன பொண்டாட்டிக்கு உன் காலு மேல என்ன திடீர் அக்கற?

– அவ போகல. நான்தான் அனுப்பினேன்.

– சரி, அனுப்பின. மானம் உள்ளவன் அனுப்பத்தான் செய்வான். நீ காப்புக் கட்டி பதினஞ்சு நாளு ஒருவேள சோறு, தரையில படுக்க. உன்கிட்ட குத்தம் இல்ல. தணல பரப்பினது நான்; ஒரு ஆணி, ஒரு கல்லு இல்லாம பாத்துப் பாத்துப் பரப்பினேன். குழியில குத்தம் இல்ல. சுத்தமா இருக்கறவன அம்மா சுட மாட்டா. அப்ப குத்தம் எங்க இருக்கு? வீட்டுலதான். நானா சொல்றேன்? கோயிலே சொல்லுது.

– முதல்ல சொன்னது நீங்கதான் அண்ணே.

– உன் நல்லதுக்குச் சொன்னேன். நீ விரதத்துல இருக்கறப்ப, அந்த மோகன் டாக்சியில முன் சீட்டுல சிரிச்சுகிட்டு உக்காந்து போறா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். பாத்தத மறைக்கச் சொல்றியா?

– பிள்ளைக்குக் காய்ச்சல், பின் சீட்டுல படுக்க வச்சிருந்தேன், அதான் முன்னால உக்காந்தேன்னு சொன்னா.

– சொல்லாம இருப்பாளா?

– நானும் இதே வார்த்தையத்தான் கேட்டேன். சொல்லாம இருப்பியான்னு. கேட்டுட்டு கை நீட்டிட்டேன் அண்ணே. கல்யாணம் ஆகி எட்டு வருசத்துல அதான் முத தடவ. பிள்ள கதவோரமா நின்னு பாத்துச்சு.

– அத விடு. ஆம்பளைக்குக் கோவம் வர்றதுதான். நர்சு என்ன சொன்னா?

– எதப் பத்தி?

– கால பாத்துட்டு ஏதாவது சொல்லியிருப்பாளே.

– டீ ஊத்தவா? கரண்டு போறதுக்குள்ள போட்டு பிளாஸ்க்குல வச்சிட்டேன்.

– டீ கிடக்கட்டும் ரமேசு. என்ன சொன்னா?

– நெருப்பு மிதிச்ச காலு இப்படி இருக்காதுங்கிறா. வருசா வருசம் பூக்குழி முடிஞ்சா நாலு பேராவது அவகிட்ட வருவாங்களாம். கொப்புளம் இருக்கும், ரெண்டு நாள்ல அமுங்கிரும். இது என்னமோ உருகி ஒட்டி, ஒட்டின இடத்துலயே நின்னு எரிஞ்சிருக்குன்னா.

– அவ வேதக்காரி. நம்ம பூக்குழியப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?

– நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் சும்மா கிடந்தேன். படுத்துக் கிடக்கறவனுக்கு வேற என்ன வேல? சுவத்தப் பாக்கறது, தரையப் பாக்கறது. பாத்தா, கட்டிலுக்கு அடியில எறும்பு சாரியா போகுது.

– மழ வரப்போகுது. அதான்.

– அப்படித்தான் நெனச்சேன். எங்க போகுதுன்னு தலைய நீட்டிப் பாத்தேன். அன்னைக்கு நான் கட்டியிருந்த மஞ்ச வேட்டி. மூலையில சுருட்டிக் கிடந்துச்சு. மஞ்சுளா துவைக்க எடுத்தப்ப, நீ அதத் தொடாதடின்னு கத்தினேன்ல, அப்படியே போட்டுட்டா. கீழ்க்கரையில கறுப்பா, கெட்டியா என்னமோ அப்பியிருக்கு. ஒரு துளி நாக்குல வச்சுப் பாத்தேன்.

– கண்டதையும் நாக்குல வப்பியா?

– வெல்லம் அண்ணே. பனவெல்லம். கருகியிருந்தாலும் இனிப்பு போகல.

– கோயில்ல பொங்கல் வச்சாங்கல்ல, கிண்டறப்ப தெறிச்சிருக்கும்.

– உள்ளங்கால்லயுமா?

– அந்த வேட்டி எங்க? அது அம்மனுக்கு ஆகாத துணி தம்பி, வீட்டுல வச்சிருக்கக் கூடாது. குடு, போற வழியில ஆத்துல விட்டுர்றேன்.

– மா மக்தலேனாவத் திரும்பக் கூப்பிட்டுக் குடுத்துட்டேன். பத்திரமா வச்சிருக்கா.

– ஒரு பழைய வேட்டிக்கு இத்தன பத்திரமா?

– யோசிச்சுப் பாருங்க. தணல்ல வெல்லத்தப் போட்டா உருகிப் பசையா நிக்கும். முதல்ல இறங்குறவன் கால்ல அப்பிக்கும். பின்னால வர்றவங்களுக்கு மிச்சம் இருக்காது, எரிஞ்சு கரியாயிரும். முப்பத்திரண்டு பேரு இறங்கினோம், எனக்கு மட்டும்தான் சுட்டுச்சு. முதல்ல இறங்குறவன் யாரு? கரகம் தூக்கறவன்.

– அப்ப அந்த மோகன்தான் தம்பி. சத்தியமா சொல்றேன், குழி ஓரத்துலயே நின்னுகிட்டிருந்தான்.

– மோகன் அன்னைக்குக் கோயிலுக்கே வரல. என் மாமியாரக் கூட்டிட்டு வர மாவ்பி போயிருந்தான். வழியெல்லாம் செக்கிங். அவங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

– அவன மாதிரி யாரோ இருந்தான். இருட்டுல முகம் சரியாத் தெரியல.

– சாயங்காலம் அஞ்சு மணி அண்ணே. நல்ல வெயிலு.

– என்ன ரமேசு, என்னையே சந்தேகப்படறியா?

– உங்களயா? என் தலையில கரகத்த ஏத்தி வச்சதே உங்க கைதான. பதினோரு வருசமா நீங்க தூக்கினது. எனக்கு விட்டுக் குடுத்தீங்க.

– நான் எங்க விட்டுக் குடுத்தேன்? கமிட்டி புடுங்கிக் குடுத்துச்சு. ஒரு வார்த்த கேக்கல. நோட்டீஸுல உன் பேரப் பாத்துத்தான் எனக்கே தெரியும்... ஆனா நான் வருத்தப்படல. சத்தியமா.

– தெரியும் அண்ணே.

– மஞ்சுளாகிட்ட இதெல்லாம் பேசினியா?

– பேசினேன். வேட்டியச் சொன்னேன், வெல்லத்தச் சொன்னேன், எறும்பச் சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன், வந்துரு, உன் கால்ல விழறேன்னேன். அதுக்கு அவ சொன்னா, 'நான் அழுது சொன்னப்ப நம்பல, எறும்பு சொன்னதும் நம்பிட்ட. இனிமே எறும்போடயே குடும்பம் நடத்து.' அதோட வச்சிட்டா. ஆறு தடவ போட்டேன், எடுக்கல.

– வருவா. பிள்ளையத் தூக்கிகிட்டு எங்க போயிருவா?

– வர மாட்டா. அவ குரல் எனக்குத் தெரியும். அழுதிருந்தா வந்திருப்பா.

– மனசத் தளர விடாத. நான் வேணா போய்ப் பேசறேன்.

– நீங்க பேசினது போதும் அண்ணே. ஒரு நல்ல சேதி இருக்கு. கமிட்டித் தலைவரு அப்பாசாமி ஐயா போன் பண்ணாரு. கரகம் என் தலையில இருந்து விழுந்தது யாருக்கும் ஆகாதாம். வர்ற வெள்ளிக்கிழம பரிகாரமா மறுபடி பூக்குழி. யாரு தூக்கறதுன்னு என்னையே கேட்டாரு. உங்க பேரச் சொல்லிட்டேன்.

– என் பேரையா?

– வேற யாரு இருக்கா? ஒத்துகிட்டாங்க.

– தம்பி, கண்ணு கலங்குது எனக்கு. என்னோட கரகம் எனக்கே வருதுன்னா, அம்மா கண்ண மூடிகிட்டு இல்ல. வெள்ளிக்கிழம குழியில தணல் பரப்ப யாரு நிக்கறா?

– நான்.

– நீயா? எந்திரிச்சு நிக்க முடியாத கால வச்சுகிட்டு?

– நாற்காலி போட்டு உக்காந்துகிட்டே தணலப் பரப்பலாம். நேர்த்திக்கடன் பாதியில நிக்குது, ஏதாவது ஒரு வேல குடுங்க ஐயான்னு கேட்டேன். மறுக்க முடியல அவரால.

– ரமேசு, எனக்கு இந்த வருசம் மூட்டு ரொம்ப வலிக்குது. வேற ஆளப் பாக்கச் சொல்லிரு.

– பேரு வாசிச்சாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் உங்களுக்குக் காப்புக் கட்டறாங்க. இப்பப் போய் மாட்டேன்னா, இவன்கிட்ட என்ன குத்தமோன்னு பேசுவாங்க. அப்புறம் சத்யபாமா அண்ணிய இழுப்பாங்க. வீட்டுலதான் குத்தம்னு சொல்ல நாலு பேரு வராமலா போவாங்க?

– அவள எதுக்கு இதுல இழுக்கற? அவ ஒரு பாவமும் அறியாதவ.

– மஞ்சுளாவும்தான். நீங்க ஏன் பயப்படறீங்க? சுத்தமா இருக்கறவன அம்மா சுட மாட்டா.

– தம்பி, நான் சொல்றத ஒரு நிமிசம் கேளு.

– டீ ஆறுது, குடிங்க அண்ணே. தொட்டுக்கப் பனவெல்லம் ரெண்டு கட்டி வச்சிருக்கேன். ஒண்ண நீங்க கடிச்சுக்கோங்க. இன்னொண்ணு வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும்.