தேவாரத்துப் பியட்டு

இல்லண்ணே, அந்தச் சேர்ல உக்காராதீக. அதுல பேட்டரித் தண்ணி சிந்திக் கெடக்கு, வேட்டி ஓட்டையாப் போயிரும். இங்கிட்டு வாங்க, ஃபேனுக்குக் கீழ. ஆங். டீ போட்டுட்டேன், வேணாம்னு சொல்லப்படாது. ஏலக்காய் தூக்கலாத்தேன் போட்ருக்கேன். போடியில இருந்துக்கிட்டு ஏலக்காய் போடாத டீயக் குடுத்தா ஊரு என்னையத் தள்ளி வச்சிரும்.

வண்டியா? அத உள்ள என் மக பாத்துக்கிட்டு இருக்கா. அனுசியா. அவுக அப்பா இல்லண்ணே, மேட்டுப் பாதையில ஒரு ஜீப்பு ஏலக்கா லோடோட நின்னுபோச்சுன்னு காலம்பறயே போயிட்டாரு. இருந்தாலும் வைப்பர் சோலிய அவரு தொடமாட்டாரு. டைனமோ, செல்ப் மோட்டார் எல்லாம் அவரு. வைப்பர் மோட்டாரு, கண்ணாடிக்குத் தண்ணி பீச்சுற பம்பு, இதெல்லாம் இவ. பழைய வண்டி வச்சிருக்கவுக மதுரையில இருந்து, கொச்சியில இருந்தெல்லாம் பார்சல் போட்டு விடுறாக. போன வாரம் ஒரு மோட்டாரு வந்துச்சு பாருங்க, தொறந்தா உள்ள எறும்புக் குடும்பமே இருக்கு. குட்டி முட்டையோட. இவ அதுகளையெல்லாம் ஒரு பேப்பர்ல தட்டி வெளியில கொண்டுபோய் விட்டுட்டு வந்துதேன் கையவே வச்சா.

பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமான்னுதான கேக்க வர்றீக? கேளுங்க, கேளுங்க. எல்லாரும் கேக்குறதுதேன். இங்க பாலிடெக்னிக்ல படிச்சவதேண்ணே. திருப்பூருக்கு வா, நல்ல வேலை இருக்குன்னு அவுக அண்ணன் சின்ராசு கூப்பிட்டான். போகமாட்டேன்னுட்டா. அவளுக்கு இந்தப் பழைய மோட்டாருகள்லதேன் உசுரு. உள்ள இருக்க கிரீசு காஞ்சு மெழுகு மாதிரி ஆகிரும்ணே. மோட்டாரு செத்துப்போச்சுன்னு தூக்கி வீசிருவாக. சாகலம்மா, மூச்சு முட்டுது, அம்புட்டுதேன்னு சொல்லுவா. கழட்டி, மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, பல்லு வெளக்குற பிரசால தேச்சு, கார்பன் தேஞ்சிருந்தா மாத்தி, பூப்போல எடுத்துருவா.

அதுல ஒரு கூத்துண்ணே. கொச்சிக்காரரு ஒருத்தரு பச்சைக் கலர் அம்பாசிடர்ல வந்தாரு. தண்ணி வரலைன்னாரு. பம்புக்குள்ள ரப்பர் நைஞ்சு போயிருந்துச்சு, இவ சைக்கிள் டியூப்ப வெட்டிப் போட்டு, ஊசியால துவாரத்தையும் குத்தி விட்டுட்டு, அமுக்குங்க சாருன்னா. அமுக்குனாரு பாருங்க! கண்ணாடியத் தாண்டி, கூரையத் தாண்டி, பின்னால பணியாரம் சுட்டுக்கிட்டு இருந்த மொக்கம்மா சட்டியில போய் விழுந்துச்சு தண்ணி. எண்ணெய்ச் சட்டிண்ணே! படபடன்னு வெடிக்குது, அவ அலறுறா, அவரு எந்தா எந்தாங்குறாரு. மொக்கம்மா விட்டாளா? இருந்த பணியாரத்தப் பூராம் அந்த மனுசன் தலையில கட்டித்தேன் அனுப்புனா. வழி நெடுகத் தின்னுக்கிட்டே போயிருப்பாரு.

சிரிச்சுட்டீக. வந்தப்ப மூஞ்சி உர்ருன்னு இருந்துச்சு, இப்பத்தேன் நல்லாருக்கு.

பெறகு, நாளைக்கு மலைக்கு மேல எங்க போறீக? ராஜாக்காட்டுக்கா? பொண்ணு பாக்கவா! சந்தோசம்ணே. மகனுக்கா? ஒத்த மகனா? நல்லா இருக்கட்டும். ஏண்ணே, மலையில மழை பேயுது, மூட்டம் வேற, ஒரு வாடகைக் காரப் புடிச்சுப் போகலாம்ல? ஆகாதா? ஓ, உங்க கல்யாணத்துக்கு வாங்குன வண்டியா. மகளக் கட்டிக் குடுத்தப்பயும் இதுலதேனா. அப்பச் சரி, நல்ல காரியத்துக்கு இந்தப் பியட்டுதேன் போகணும். நானும் அப்பிடித்தேன், விளக்கேத்தாம வாசப்படி தாண்டமாட்டேன்.

மகன்கிட்டக் கேட்டீகளா? இல்ல, அவனுக்கு யாரும் மனசுக்குப் புடிச்சிருக்கான்னு. கேக்கலையா. நீங்க சொன்னாக் கேட்டுக்கிருவானா. ம்ம். நல்ல பிள்ளை.

இவளுக்கா? இன்னும் முடியலண்ணே. வந்தாக, மூணு நாலு எடம் வந்துச்சு. பஜ்ஜி தின்னுட்டு, பொண்ணு லட்சணமா இருக்கும்பாக, அப்பறம் மெல்ல, இந்தக் கடை சோலிய மட்டும் விட்டுறணும்பாக. இவ எந்திரிச்சு உள்ள போயிருவா. நானும் மருகி மருகிக் கெடந்தேன். இப்ப என்னன்னா, இவளுக்கே ஒரு பையனப் புடிச்சிருக்கு. பதறாதீக, ஓடுற கதையெல்லாம் இல்ல. எங்கிட்டத்தேன் மொத சொன்னா. விசாரிச்சுட்டோம். நம்ம ஆளுகதேன், கட்டிக்கிற மொறைதேன். குடி, பீடி ஒண்ணும் கெடையாது. நீ சோலிய விடாதன்னு அவனே சொல்றானாம். வேறென்ன வேணும்? ஆனா அவுக அப்பாவுக்கு முன்னால மட்டும் பயலுக்கு வாயே தொறக்காது. நெஞ்சு வரைக்கும் வருதாம், அப்பா மொகத்தப் பாத்ததும் திரும்ப எறங்கிருதாம். அந்தப் பெரியவரு பாவம், ஒண்ணுந் தெரியாம வேற எடம் பாத்துக்கிட்டு இருக்காரு. அது மட்டும் முடிஞ்சிருச்சுன்னா எம் மக ஒடைஞ்சு போயிருவாண்ணே. வெளிய காட்டமாட்டா. மோட்டார உருட்டிக்கிட்டே கெடப்பா. பெத்தவளுக்குத் தெரியாதா?

நானே போய்ப் பேசுறதா? நல்லா வந்துச்சு போங்க! பொண்ணு வீட்டுக்காரி தானாப் போய்க் கதவத் தட்டுனா அவுக என்ன நெனப்பாக? நீங்களா இருந்தா என்ன நெனப்பீக? ஒண்ணும் நெனக்கமாட்டீகளா. நெசமாவா? சரி சரி, வச்சுக்கிறேன்.

மகனுக்கு எப்பிடிப் பொண்ணுண்ணே தேடுறீக? வீட்டோட அடக்கமா இருக்க பிள்ளையா. அதுவும் சரிதேன். உங்க வீட்ல மதினி எப்பிடி? தோட்டமெல்லாம் அவுக பாக்குறதுதேனா? தண்ணி பாய்ச்சுறது, ஆளு விடுறது, எல்லாமா. தேவாரத்துப் பக்கம் யானை எறங்குமேண்ணே? மதினிதேன் வெடி போட்டு வெரட்டுவாகளா! அடி ஆத்தே! நீங்க? டார்ச்சு அடிப்பீகளா! போங்கண்ணே, வயிறு வலிக்குது. யானைய வெரட்டுற மகராசிய வீட்ல வச்சுக்கிட்டு, வீட்டோட இருக்க பிள்ளையத் தேடுறீகளே. சும்மா சொன்னேண்ணே, தப்பா எடுத்துக்காதீக. டீயக் குடிங்க.

கேக்குதா? அந்தச் சத்தந்தேன். எம்புட்டு மெத்துன்னு ஓடுது பாருங்க. சொம்புல தண்ணி மோந்து ஊத்தி ஊத்திப் பாக்குறா. காஞ்ச கண்ணாடியில ஓட விட்டா கீறு விழுந்துரும். ஏத்தா, ஆச்சா? ஆச்சாம்ணே. வண்டி ரெடி.

இருங்க, எந்திரிக்காதீக. ஒண்ணு சொல்லணும். உங்க வைப்பருக்கு ஒண்ணுமே ஆகலண்ணே. சுவிட்சுக்குப் பின்னால போற ஒயரு உருவிக் கெடந்துச்சு, அம்புட்டுதேன். எலியா? எலி கடிச்சாப் பல்லுத் தடம் இருக்கும்ல. இது ஸ்க்ரூவப் பதமாத் தளர்த்தி, ஒயர உருவி, முனையில டேப்பு வேற சுத்தி வச்சிருந்துச்சு. எங்கயும் ஒரசித் தீ புடிச்சிரக் கூடாதுன்னு. அப்பா வண்டியாச்சே.

ஆமண்ணே. உங்க மகன் செழியன்தேன்.

வேற வண்டியில நீங்க பொண்ணு பாக்கப் போகமாட்டீகன்னு அவனுக்குத் தெரியும். வைப்பருன்னா இந்தக் கடைக்குத்தேன் போகணும்னு உங்ககிட்டச் சொல்லி அனுப்புனதும் அவந்தான? சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரணும், ஒரு வாரம் ஆகும்னு இவ சொல்லணுமாம். அதுக்குள்ள ராஜாக்காட்டுக்காரக வேற மாப்பிள்ளை பாத்துருவாகளாம். ரெண்டும் வளந்து கெடக்குதுகளே, புத்தியப் பாத்தீகளா?

காலம்பற நான் விளக்கேத்தும்போது இவ பின்னால வந்து நின்னா. வந்து பூராத்தையும் சொல்லிட்டா. அப்பிடியே முருகன் படத்தப் பாத்தேன். மனசு கேக்கலண்ணே. ஒரு பெரிய மனுசன வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சுப் பொய்யச் சொல்லிட்டு, நாளப்பின்ன அதே மனுசன் முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தாம்பூலத் தட்டு மாத்துறது? வண்டியச் சரியாப் பண்ணிக் குடுத்தா, போறவரு போகட்டும்னுட்டேன். அழுதா. கண்ணத் தொடச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிச்சா. ஒயர மாட்டுனா முடிஞ்சு போற சோலி. இவ என்னடான்னா மோட்டாரையே எறக்கி, பழைய கிரீசையெல்லாம் வழிச்சுப் போட்டு, பம்பு ரப்பரையும் மாத்தி விட்டுருக்கா. மலையில மாமா மழையில மாட்டிக்கிரக் கூடாதும்மாங்குறா.

அதேன் விசயம். இனி எம்புட்டு மழை பேஞ்சாலும் வண்டி ஏறும். தாராளமாப் போயிட்டு வாங்க, மனசுல ஒண்ணும் வச்சுக்கிர மாட்டேன். முருகன் சத்தியமா.

என்னண்ணே, தெருவ எட்டிப் பாக்குறீக? திட்டணும்னா என்னையத் திட்டிருங்க. பையன ஒண்ணும் சொல்லிறாதீக, ஏற்கனவே தெருமுனையில டீக்கடையில நனைஞ்ச குருவி மாதிரி உக்காந்துருக்கான்.

அட, சிரிக்கிறீகளா? எதுக்கு? டேப்பு சுத்துனதுக்கா! நானும் அதுக்குத்தேண்ணே சிரிச்சேன். உங்ககிட்டப் பேச வாய் வரல, திருட்டுத்தனத்துல மட்டும் என்னா பொறுப்பு!

யாரையா? பொண்ணையா? இப்பயேவா?

இருங்க, இருங்க, இந்தா கூப்பிடுறேன். பழைய சுடிதார் போட்டுக்கிட்டு நிக்கிறாளே. கையி மொழங்கை வரைக்கும் கிரீசு. ஒரு நிமிசம்ணே, கழுவிட்டு, ஒரு சேலையச் சுத்திக்கிட்டு வரச் சொல்லிர்றேன்.

வேணாமா?

அனுசியா! கை கழுவ வேணாமாம்த்தா. மாமா சொல்றாரு. அப்பிடியே வா.