பதினாறு நாள் அவகாசம்

என் அக்கா சிவனம்மாளுக்கு மோரில் உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் சந்தோஷம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது சார், வரிசையாகவே சொல்கிறேன்.

நாகல் நகரில் எங்கள் வீடு. அக்காவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, நானும் அவளும்தான். என் சீட் கவர் கடைக்காக வீட்டை வைத்து வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனது. பேங்க்காரர்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவே நின்று படித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றே அக்கா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, "மொதல்ல ஒரு நல்ல வக்கீலப் பாரு அப்பு" என்றாள்.

வக்கீல் கௌசல்யா வயதில் சின்னவர், கெட்டிக்காரர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நோட்டீஸ்ல கோளாறு இருக்குண்ணே. மதுரைத் தீர்ப்பாயத்துல தடை வாங்கிரலாம். ஆனா அதுக்கு முந்தி வீட்டப் பூட்ட கோர்ட் கமிஷனர் வந்துட்டா என்னால நிறுத்த முடியாது" என்றார்.

கமிஷனர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

"அவரும் மனுசர்தான. படுத்த படுக்கையா ஆள் கெடந்தா, எழவு வீடா இருந்தா, கொஞ்சம் அவகாசம் குடுப்பாரு."

அவர் பேச்சுவாக்கில் சொன்னது. நான் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. கமிஷனர் போலீசோடு வந்தார், கட்டிலைப் பார்த்தார், ஒரு மாதம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இடுப்பு எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அன்றுதான் விளங்கியது.

ஆனால் அக்காவுக்கு ஓரிடத்தில் கிடக்க வராது. "அடுப்படி வரைக்கும் நடந்துட்டேன்டா" என்று சிரிப்பாள். நடக்கப் பழக்க வந்த பெண்ணை நிறுத்தினேன். வாக்கரைப் பரணில் ஏற்றினேன். அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். பிடிவாதக்காரி.

கமிஷனர் மறுபடி வந்தபோது, சொம்புத் தண்ணீரோடு அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். "வாங்க, உக்காருங்க. இம்புட்டு வெயில்ல வந்திருக்கீக."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாத் தேறிட்டீங்கம்மா" என்றார். போகும்போது என்னிடம், திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். மதுரையில் விசாரணை வியாழக்கிழமை. இடையில் மூன்று நாள்தான், சார்.

இழவு விழுந்த வீட்டைப் பதினாறு முடியாமல் நம் பக்கம் யாரும் பூட்ட மாட்டார்கள். டாக்டர் அவளுக்குக் கொடுத்த தூக்க மாத்திரைகளை எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் மோர் கலக்கினேன். உப்பு தாராளமாகவே போட்டேன்.

"கசக்குதே அப்பு" என்றாள்.

இஞ்சி முற்றல் என்றேன். குடித்துவிட்டு டம்ளரை அவளே கழுவி வைத்தாள்.

கமிஷனர் மாலை வாங்கி அனுப்பினார். பதினாறு முடியட்டும் என்று சொல்லியும் விட்டார். நான் நினைத்தது பிசகவில்லை.

வியாழக்கிழமை கௌசல்யா மதுரையிலிருந்து போன் செய்தார். "வீடும் அக்கா பேர்ல, மனுவும் அக்கா பேர்ல. மனுதாரர் இல்லைன்னதும் வாரிசச் சேத்துட்டு வாங்கன்னு தள்ளி வச்சுட்டாங்க. தடை இல்ல. அவங்க இருந்திருந்தா இன்னைக்கே வாங்கிருப்பேண்ணே."

மனுவில் கையெழுத்துப் போட அக்காவை ஆட்டோவில் கூட்டிப் போனவனே நான்தான். எப்படியோ மறந்துபோனது. அதை எப்போதும் என் வீடு என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

பதினேழாம் நாள் பூட்ட வந்தார்கள். பூட்டுமுன் சாமான்களைப் பட்டியல் எடுப்பார்களாம். பரணிலிருந்து வாக்கர் இறங்கியது. அதில் நான் கட்டி வைத்திருந்த பையும், பைக்குள் காலி மாத்திரை அட்டைகளும் கூடவே இறங்கின. கூட வந்திருந்த கௌசல்யா அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இனி என் வழக்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஸ்டேஷனில் நீங்கள் வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். விற்க இன்னொரு தோடு இல்லை சார். மாத்திரை கலந்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்காகத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அக்கா மட்டும் இருந்திருந்தால், கோர்ட்டில் எனக்காக அவளே வந்து சாட்சி சொல்லியிருப்பாள்.