இடம் மாறினால் தானாக மாறும்

குளுவாங் போகும் ரயிலில், எதிரே இருந்தவர் மனைவியிடம் வேலைப் பெருமை பேசிக்கொண்டு வந்தார்.

“எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் கிளஸ்டர்ல ஓடுற சர்வீஸ் எல்லாம் அடிக்கடி இடம் மாறும். முன்ன டிஎன்எஸ்ங்கிற பேர்-நம்பர் பட்டியல்ல நாங்கதான் புது அட்ரஸ் போடணும். இப்ப நான் எழுதின புரோகிராம் தானாவே மாத்திடுது. பேர் தெரிஞ்சா போதும், நம்பரை யாரும் ஞாபகம் வச்சிக்க வேணாம்.”

“அலமாக், பெரிய கெட்டிக்காரர்தான். நாம பாசிர் கூடாங் வந்து ரெண்டு வருசம். உங்க ஐசி அடையாள அட்டையில இன்னும் பழைய குளுவாங் வீடுதான். அதான் மக ஸ்கூல் கடிதம் அங்க போயிடுச்சு. அதை எடுக்கத்தானே இப்ப போறோம்?”

“அதுக்கும் ஒரு புரோகிராம் எழுதிட்டா போச்சு.”

“ஒண்ணும் வேணாம் லா. அட்ரஸ் மாத்துற ஃபார்ம் கொண்டாந்திருக்கேன். கையால எழுதுங்க.”

பேனாவைத் திறந்தவர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தார்.

“ஏம்மா, நம்ம வீட்டு நம்பர் என்ன?”