நூறு நாள், ஒரே முகம்

முகம் வரைய உட்கார்ந்தால் மூக்கிலிருந்து தொடங்கக் கூடாது. எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், அங்கேயே கோணிக்கொண்டு போகும். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் கெடுத்தேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் டேப்லெட்டும் அதற்கான பேனாவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள், மேடம். மருந்துக்கடையில் இருபத்தாறு வருடம் நின்று நின்றே காலைத் தேய்த்தவன் நான். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று எனக்கென்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றுமில்லை.

அக்கா விஷயத்தைக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். குளியலறையில் வழுக்கி விழுந்து, தலைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் ஆயிற்று. தலையை முழுக்க மழித்துவிட்டார்கள். அவளுடைய ஒரே மகள் கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். பத்து நாள் லீவில் வந்து கூட இருந்துவிட்டு, கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, உங்களை நம்பித்தான் அம்மாவை விட்டுட்டுப் போறேன்" என்றாள். டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். வேளை தவறாமல் மாத்திரை, தெம்பான சாப்பாடு. இரண்டும் சரியாக இருந்தால் மூன்று மாதத்தில் பழையபடி நடமாடுவாள், மாத்திரை நின்றால் உயிருக்கே ஆபத்து என்றார். மருந்துக்கடைக்காரனுக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

அதே வாரம்தான் என் ஆன்லைன் வகுப்பில் வாத்தியார் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரே முகத்தை நூறு நாள், ஒரு நாள் விடாமல் வரைய வேண்டும். கடைசியில் நூறு படத்தையும் கோத்து வீடியோவாக்கிக் குழுவில் போட வேண்டும். முப்பத்தெட்டு பேர் பெயர் கொடுத்தோம். இதுவரை முழுசாக முடித்தவர்கள் நாலே பேர்தான் என்றார். ஐந்தாவது ஆள் நான்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். கண்ணெதிரே இருந்தது அக்கா முகம், அதையே எடுத்துக்கொண்டேன். நான் எதையுமே முழுசாக முடித்ததில்லை, மேடம். படிப்பும் பாதி, கல்யாணமும் பாதி.

முதல் மூன்று வாரம் அக்காவோடு பெரும்பாடு பட்டேன். உடம்பு தேறத் தேற ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடப்பாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிறேன் என்று கிளம்புவாள். வாய் ஓயாது. "என்னடா, என்னை வரையறியா, இல்ல பூசணிக்காயை வரையறியா?" என்று திரையை எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்தால் கன்னம் ஏறும், கண் சுருங்கும், அதுவரை போட்ட கோடெல்லாம் வீண். எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஆனாலும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் மாத்திரை கொடுக்க மறந்துபோனேன். சத்தியமாக மறதிதான். அன்று மதியம் அவளுக்குத் தலை கனத்து, தலையணையில் சாய்ந்தபடி இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தாள். நான் வரைந்தேன். அப்படி ஒரு படம் அதுவரை என் கையில் வந்ததில்லை. கன்னத்துக்குக் கீழே நிழல் தானாக வந்து உட்கார்ந்தது. வாத்தியார் குழுவில் எல்லோரும் கேட்கும்படி குரல் செய்தி போட்டார். "இன்னைக்குத்தான் சார் உங்க படத்துல எலும்பு தெரியுது. இந்தப் பிடியை விட்டுடாதீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தச் செய்தியை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாளிலிருந்து மாத்திரையைப் பாதியாக்கினேன். பிறகு அதே நிறத்தில், அதே அளவில் ஒரு சாதாரண சத்து மாத்திரையாக மாற்றினேன். சாப்பாட்டையும் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். ஒரேயடியாக நிறுத்தவில்லை, நான் அப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரன் இல்லை. தவிர, முகம் நாளுக்கு நாள் இத்தனூண்டு மாறினால்தான் படங்களை வரிசையாக ஓட்டும்போது எகிறாமல் வரும். அறுபதாம் நாள் வாக்கில் அக்கா எழுந்து நடப்பதை விட்டுவிட்டாள். என் கோடுகளும் நடுக்கத்தை விட்டுவிட்டன.

மருமகள், அதாவது அக்கா மகள், தினமும் போன் செய்வாள். தலையில் ஆபரேஷன் ஆனவர்களுக்குத் திரை வெளிச்சமும் போன் பேச்சும் ஆகாது என்று சொல்லி, அம்மா முகத்தைக் காட்டாமல், பேசவும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்பதாம் நாள் அவள் மசியவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன், வருகிறேன் என்றாள். வந்தால் அம்மாவை நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். என் எண்பது நாள் உழைப்பு அந்தரத்தில் நிற்கும்.

அப்போதுதான் வீடியோ எடிட்டிங்கை உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை இல்லை. எண்பது படத்தையும் வரிசைப்படுத்தி, பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டேன். எலும்பும் தோலுமாகத் தொடங்குகிற அக்கா, போகப் போகக் கன்னம் நிறைந்து, கண் தெளிந்து, கடைசியில் முழு முகத்தோடு நிற்பாள். ஓட்டிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. மருமகளுக்கு அனுப்பினேன். "மாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அம்மாவை மீட்டுக் குடுத்துட்டீங்க" என்று தேம்பினாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

பதின்மூன்று நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. குரலில் பழைய ஈரம் இல்லை.

"மாமா, ஒரு சந்தேகம். ஆபரேஷன் அப்போ அம்மாவுக்கு மொட்டை அடிச்சாங்க. உடம்பு தேறத் தேற முடி வளரணும்தானே. இதுல முதல்ல முடி இருக்கு, போகப் போகக் குறைஞ்சு, கடைசியில மொட்டையா நிக்கிறாங்களே?"

தினமும் பார்த்துப் பார்த்து உண்மையாக வரைந்ததற்குக் கிடைத்த பலன் அது. முடியைத் தனி அடுக்கில், லேயர் என்பார்கள், வரைந்திருந்தால் அதை மட்டும் முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டிருக்கலாம். முகத்தையும் முடியையும் ஒரே லேயரில் போட்டுவிட்டேன். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு, வாத்தியார் முதல் வாரமே எச்சரித்திருந்தார். "மாமாவுக்கு முடி வரைய வராதும்மா, கை போன போக்கில் போட்டேன்" என்று சமாளித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டினார். மருமகள்தான் போன் செய்து அனுப்பியிருக்கிறாள். அக்கா இப்போதுதான் கண்ணயர்ந்தாள் என்று சொல்லி, வாசலிலேயே நிறுத்தி, இருபத்தோராம் நாள் படத்தைக் காட்டினேன். "நல்லாத் தேறியிருக்காங்களே" என்று சந்தோஷமாகப் போய்விட்டார். அன்று தொண்ணூற்று மூன்றாம் நாள். இன்னும் ஏழே நாள் பாக்கி.

அக்கா தொண்ணூற்றெட்டாம் நாள் காலையில் இறந்தாள். அதைத்தான் நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். அவள் இப்படியே போனால் இறந்துவிடுவாள் என்பது எனக்கு இருபத்து மூன்றாம் நாளே தெரியும். நூறு தாண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன், இரண்டு நாள் பிசகிவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, அன்றைக்கான படத்தை வரைந்தேன். மறுநாளும் வரைந்தேன். நூறாவது படத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் பெட்டியோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. பாவம், அவளைக் குறை சொல்லமாட்டேன்.

நேற்று நீங்கள் அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டினீர்கள். வரையும்போது கை அசைவதைப் போனில் பதிவு செய்வது வகுப்பில் எல்லோருக்கும் வழக்கம். மற்றவர்களுக்குக் காட்டும்போது சத்தத்தை எடுத்துவிடுவேன், மூலப் பதிவை அழிக்கத் தோன்றவில்லை. அதில் அக்கா குரல் இருக்கிறது. "இது அந்த மாத்திரை இல்லடா தம்பி. எனக்குத் தெரியுதுடா." இன்னொரு நாள், "பசிக்குதுடா. புள்ளைகிட்ட ஒரே ஒரு தடவை பேச விடு. உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன்." அறுபத்தேழு பதிவுகளில் கெஞ்சுகிறாள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். இது எதுவுமே உன் காதில் விழவில்லையா என்று கேட்டீர்கள்.

விழுந்தது, மேடம். ஒரு நாள் தவறாமல் விழுந்தது. அவள் பேசப் பேச வாய் அசைந்துகொண்டே இருந்தது, நான் என்ன செய்ய முடியும். நூறு படத்தில் வாய் சரியாக அமைந்தது கடைசி மூன்றில் மட்டும்தான், நீங்களே எடுத்துப் பாருங்கள்.