முதுகுக்குப் பேப்பர்

— கையை அடுப்புக்கிட்ட நீட்டாதே ராசா! கக்கத்துல வை. வெறைச்ச விரலை நெருப்புல காட்டினா உயிரே போயிரும்.

— தெரியும் அம்மணி. பதினேழு குளிர்காலம் ஓட்டியிருக்கேன்.

— தெரிஞ்சவன்தான் மைனஸ் இருபத்தேழுல மோட்டார் சைக்கிள்ல வந்து நிக்கிறியா? டீசல் போட வர்ற லாரிக்காரனே எஞ்சினை அணைக்காம உள்ள ஓடிவர்றான். எங்கிருந்து வர்றே?

— ஆல்வ்டால். அங்க மரமில்லுல ரம்பத்துல நிக்கிறேன். பேரு ஹல்வர்.

— நான் போர்கில்ட். இந்தப் பங்க்குல பெட்ரோலும் நான்தான், காப்பியும் நான்தான், திட்டும் நான்தான். மீசையில இருக்கிற ஐஸைப் பிய்க்காதே, தோலோட வரும். இந்தா, இதைக் குடி.

— மணி என்ன?

— பதினொண்ணே கால்.

— ஒரு மணிக்கு ரோரோஸ் சர்ச்சுல இருக்கணும்.

— இன்னும் அம்பது கிலோமீட்டர் கிடக்கே. ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு.

— ஐஸைக் கவ்வுற ஆணி டயர் போட்டிருக்கேன். வண்டி நிக்கும். விரல்தான் நிக்க மாட்டேங்குது. பதினஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்கா இறங்கி, எஞ்சினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

— பொண்டாட்டியைக் கட்டிப் பிடிக்கிற மாதிரியா?

— அவளுக்குத்தான் இன்னிக்கு அடக்கம்.

— ஐயோ. என் வாயில மண்ணு விழ.

— விடுங்க. அவளை என் பொண்டாட்டின்னு சொன்ன முத ஆளு நீங்கதான். நாங்க கல்யாணம் கட்டிக்கல. பதினேழு வருஷம் ஒரே வீடு, ஒரே அடுப்பு. குன்வோர்னு பேரு. அவளோட பிள்ளைங்க முத புருஷனுக்குப் பிறந்ததுங்க.

— சரி, கார் என்னாச்சு? இந்தக் குளிர்ல கார்ல போனா ஆகாதா?

— கார் அவ பேர்ல இருந்துச்சு. திங்கக்கிழமை மகன் வந்து சாவியை வாங்கிட்டுப் போயிட்டான். வாசல்லயே நின்னுக்கிட்டு, "வெள்ளிக்கிழமை ஒரு மணி, ரோரோஸ் சர்ச்"னு சொன்னான். ஷூவைக் கழட்டல.

— நானும் உன்கூட வர்றேன்னு கேட்டிருக்கலாமே?

— கேட்டேன். கார்ல இடமில்லைன்னான்.

— எத்தனை பேரு இருந்தாங்க?

— அவனும் நாயும்.

— த்தூ. பஸ்ஸு?

— அது சாயங்காலம்தான்.

— சரி, சொல்லு. உள்ள என்ன போட்டிருக்கே? பருத்தி கிருத்தி போட்டுத் தொலைச்சிருக்கியா?

— நான் என்ன ஊர் சுத்திப் பார்க்க வந்தவனா? தோலை ஒட்டிக் கம்பளி. அதுக்கு மேல இன்னொரு கம்பளி. கையுறைக்குள்ள பாத்திரம் கழுவுற ரப்பர் உறை. காத்து உள்ள போகாம நெஞ்சுல பேப்பர்.

— முதுகுல?

— ஒண்ணுமில்ல.

— நெஞ்சுக்கு வச்சவனுக்கு முதுகுக்கு வைக்கத் தெரியாதா?

— பழக்கமில்ல அம்மணி. முதுகுல அவ இருப்பா. வருஷா வருஷம் பிப்ரவரியில மலைமேல மோட்டார் சைக்கிள்காரங்க கூடுற பனிமுகாமுக்குப் போவோம். பின்னாடி உட்கார்ந்து கன்னத்தை என் முதுகுல வச்சுக்குவா. வழியெல்லாம் திட்டு. "மெதுவாப் போடா எருமை, என் மூக்கு உதிர்ந்து ரோட்டுல விழுந்துரும்"னு. இந்த ஜாக்கெட்டுக்கு முதுகு இவ்வளவு மெல்லிசுன்னு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது.

— திரும்பு. நான் வச்சு விடறேன். முத நெஞ்சுல இருக்கறதை வெளிய எடு. வேர்வையில நனைஞ்ச பேப்பர் ஐஸுக்குச் சமானம்.

— அதைத் தொடாதீங்க.

— ஏன், பூனைக்குட்டி வளர்க்கிறியா உள்ள? சும்மா நில்லு. என் தம்பிக்கு ரெண்டு விரல் போனது இப்படி வீம்பு பிடிச்சுத்தான்... என்னய்யா இது? ஒரு கட்டு வருது! எல்லாம் நேத்துப் பேப்பர். பத்து... பதினாலு! எல்லாத்துலயும் ஒரே பக்கம் மடிச்சு மேல வச்சிருக்கு.

— ஊர்க் கடையில இருந்ததை மொத்தமா வாங்கிட்டேன்.

— சாவு அறிவிப்புப் பக்கம். இதை எதுக்குப் பதினாலு வாங்கினே?

— மில்லுல எவனும் பார்க்கக்கூடாதுன்னு.

— வீட்டுக்கு வீடு தபால்ல போகுமே ராசா.

— போகும். கைக்குச் சிக்கினதை எடுத்தேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல.

— இரு, பார்க்கிறேன். "எங்கள் அன்பான அம்மா குன்வோர்"... மகன் பேரு, மருமக பேரு, மக பேரு. பேரப்பிள்ளைங்க மூணு. பாம்சேன்னு இருக்கே, அது யாரு?

— நாய்.

— நாய் பேரைப் போட்டிருக்கானுங்களா?

— அந்தப் பட்டியலை மூணு தடவை படிச்சேன். மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. அப்புறம் மடிச்சுட்டேன். "மற்ற உறவும் நட்பும்"னு ஒண்ணு இருக்குல்ல, அதுல நான் இருக்கேன்.

— இவ்வளவுக்கும் அப்புறம் நீ போகணுமா? முன்வரிசையில உனக்கு இடம் விடமாட்டாங்க.

— முன்வரிசை யாருக்கு வேணும்? நான் கதவுகிட்ட நின்னுக்குவேன். பெட்டியைத் தூக்கிட்டு அந்த வழியாத்தானே போகணும். அப்ப ஒரு தடவை கை வைப்பேன். உறையைக் கழட்டிட்டு, வெறுங்கையால. அதுக்குத்தான் இந்த விரலுங்களை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்திக்கிட்டு வர்றேன்.

— இரு, இந்தப் பேப்பரையே விரிச்சு முதுகுக்கு மடிக்கிறேன்.

— இப்பப் பாருங்க, மடங்குது. வலி வந்துருச்சுன்னா விரல் பிழைச்சுதுன்னு அர்த்தம். சீக்கிரம் வைங்க அம்மணி, நேரமாவுது.

— ஹல்வர்.

— என்ன, ராசா போயி பேரு வந்துருச்சு?

— பேருங்களுக்குக் கீழ ஒரு வரி இருக்கே. அதைப் படிச்சியா?

— அங்க சர்ச்சு பேரும் மணியும்தானே போடுவாங்க. அதான் அவன் வாயாலயே சொல்லிட்டானே.

— இன்னொரு காப்பி ஊத்தறேன். வாஃபிள் சுட்டுத் தர்றேன், உட்காரு.

— வேண்டாம். என் கண்ணாடி முழுக்க ஆவி, ஒண்ணும் தெரியல. ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? மணியை மாத்திட்டானுங்களா? பன்னெண்டா? பன்னெண்டுன்னா இப்பவே கிளம்பணும். படிங்க, என்ன போட்டிருக்கு?

— "அன்னாரின் நல்லடக்கம் கடந்த செவ்வாய்க்கிழமை, குடும்பத்தார் மட்டும் சூழ, அமைதியாக நடந்து முடிந்தது."