கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவில்

— கத்தியக் கீழ வை எல்டன். ஏழு மணி நேரம் கோவேறு கழுதை மேல குலுங்கிக் குலுங்கி வந்திருக்கேன். தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டியா?

— வந்துட்டீங்களா வெர்னாக்கா. இன்னும் கொஞ்சம்தான். இந்த மான் காதை மட்டும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிட்டேன்னா உப்பு வச்சிடலாம்.

— உங்கண்ணன் எங்க?

— ஓடைகிட்ட, அந்தப் பெரிய பைன் மரத்தடியில. இங்க நாள் பூரா நிழல் இருக்கிற இடம் அது ஒண்ணுதான். என்னோட தூக்கப் பையில வச்சு மூடியிருக்கேன்.

— ராத்திரி நீ எதுல படுத்த?

— படுக்கல.

— சரிதான். இரு, முதல்ல உங்கண்ணன் காரெட்டப் பாத்துட்டு வரேன். கழுதைங்கள அவுத்து விட்டுறாத, அந்தக் கறுப்பு உதைக்கும்.

— முகத்துல துணி போட்டிருக்கேன். எடுத்தீங்கன்னா திரும்பப் போட்டுடுங்க. ஈ மொய்க்குது.

— துணியத் திரும்பப் போட்டுட்டேன்.

— பாத்தீங்களா?

— பாத்தேன். கண்ண மூடி விட்டிருக்க. தலைய வாரி விட்டிருக்க. உயிரோட இருந்தப்போ ஒரு நாளும் அவன் சீப்பைத் தொட்டதில்ல. எத்தன வருஷம்டா, இந்த மலைக்கு அவனை ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். சமையல்னு ஒண்ணு பண்ணுவான், கழுதை கூட மோந்து பாத்துட்டு நகந்துடும்.

— நேத்து காலையிலயும் பீன்ஸைத் தீய விட்டான்.

— கேளு. ஹெலிகாப்டர் வராது. காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கு முழுக்க அடைச்சுக் கெடக்கு. அதான் ஷெரிஃப் ஆபீஸ்லருந்து என்னைக் கூப்பிட்டாங்க. நான் ஏறி வந்தது போக நாலு கழுதை கொண்டாந்திருக்கேன். ஒண்ணுல உங்கண்ணன். ரெண்டுல கறி, கறிய விட்டுட்டுப் போனா உன் மேல கேஸு. மிச்சம் ஒண்ணுல கூடாரம், சட்டி பானை.

— இந்தத் தோல்?

— தோலா?

— தலையிலருந்து தோள் வரைக்கும் ஒரே தோலா உரிச்சிருக்கேன்க்கா. கொம்பும் தனியா அறுத்து வச்சாச்சு. ஊருக்குப் போனதும் தலையப் பாடம் பண்றவர்கிட்ட குடுத்துடணும். அது வரைக்கும் கெட்டுடக் கூடாது. கெடவே கூடாது. கூடாரத்த விட்டுட்டுப் போயிடலாம், எனக்கு வேணாம்.

— எரியுற வீட்டுல பிடுங்குற மாதிரி பேசுற.

— பதினாறு வருஷம் விண்ணப்பம் போட்டேன்க்கா. இந்த வருஷம்தான் இந்த மலையில வேட்டைக்குக் குலுக்கல்ல எனக்குச் சீட்டு விழுந்துச்சு. அவன் வேலைய விட்டுட்டு கூட வந்தான். "நீ சுடு, நான் சுமக்குறேன்"னான். இது அவன் பேருல மேவிஸ் அண்ணி வீட்டுச் சுவத்துல மாட்டணும். இதுவும் அழுகிப் போச்சுன்னா அப்புறம் அவன் எதுக்காகக்கா இந்த மலையில செத்தான்?

— மேவிஸுக்கு மான் தலை வேணாம் தம்பி. நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்தா. அழல. ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கச் சொன்னா. கஷ்டப்பட்டானா, கடைசியா ஏதாச்சும் சொன்னானா. அவ்வளவுதான் அவளுக்கு வேணும்.

— ஒண்ணும் சொல்லல.

— ஒண்ணுமேவா?

— தண்ணி எடுக்க ஓடைக்குப் போனான். வரலியேன்னு போய்ப் பாத்தேன். பாறை மேல சாஞ்சு கிடந்தான். கூப்பிட்டேன். அவ்வளவுதான். உடனே உதவி கேக்குற சாட்டிலைட் கருவில பட்டனை அமுக்கிட்டேன். மேவிஸ்கிட்ட சொல்லுங்க, பொட்டுன்னு போயிட்டான்னு.

— இதெல்லாம்? இந்தத் தோலு?

— அப்புறமாத்தான் உரிச்சேன். சும்மா உக்காந்திருக்க முடியல. உக்காந்தா அவன் பக்கமே கண்ணு போகுது. அந்த உப்பு மூட்டைய இப்படித் தள்ளுங்க.

— உப்பு அப்புறம். தோலைக் காட்டு. ராத்திரி எதுல வச்சிருந்த?

— பிளாஸ்டிக் பையில. நல்லா இறுக்கிக் கட்டி. கரடி வந்துடும்னு.

— பிளாஸ்டிக்லயா. உனக்குத் தெரியாதா எல்டன், உரிச்ச தோலு வேர்க்கும்னு? இந்த வெக்கையில, காத்துப் படாம, உப்புப் போடாம? துணிப் பை எங்க போச்சு?

— ரெண்டுதான் கொண்டு வந்தோம். ஒண்ணு அவன் முகத்து மேல இருக்கு. இன்னொண்ணை மடிச்சு தலைக்கு அடியில வச்சேன். கல்லு குத்துமேன்னு.

— இங்க பாரு. தாடைக்குக் கீழ. என் விரலைப் பாரு, இழுக்கக் கூட இல்ல.

— வேணாம்க்கா.

— முடி கையோட வருது.

— அந்த எடம் மட்டும்தான். உப்பு போட்டா நின்னுடும்.

— இங்கயும் வருது. காதுக்குப் பின்னாடியும் வருது. அழுகிப் பச்சை பிடிச்சிருச்சுடா. மூட்டை உப்பைக் கொட்டினாலும் இது சுவத்துக்குப் போகாது.

— சொல்லாதீங்க.

— நான் சொல்லலன்னா கெடாம இருந்துடுமா? முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவன் வேட்டையைச் சுமந்து எறக்குறேன். தேறும்னா தேறும்னு சொல்லுவேன்.

— அப்போ எல்லாமே போச்சா?

— போச்சு.

— அவனும் போயி, இதுவும் போயி. நான் என்னத்தக்கா கையில எடுத்துக்கிட்டு அந்த வாசல்ல போய் நிப்பேன்?

— அழு. அழுதுக்கோ. அழுதா யாரும் குறைஞ்சு போயிடல. பிளாஸ்குல காப்பி இருக்கு, ஊத்துறேன்.

— வேணாம்.

— வேலை என்னவோ நல்லாத்தான் பண்ணியிருக்க. மானுக்குக் கண்ணு முன்னாடி ஒரு குழி இருக்கு பாரு, எலும்போட ஒட்டிக்கிட்டு. பத்துல எட்டுப் பேரு அங்க ஓட்டை போட்டுடுவாங்க. நீ ரெண்டு கண்ணுலயும் ஒரு கீறல் இல்லாம எடுத்திருக்க.

— ம்.

— உதட்டுல ஏன் இப்படிக் கிழிச்சு வச்சிருக்க? மூணு எடம். மூக்குல பாதியக் காணோம். கண்ணு வரைக்கும் ஒருத்தன் பண்ணின மாதிரி இருக்கு, உதட்டுலருந்து வேற எவனோ பண்ணின மாதிரி இருக்கு.

— கை நடுங்குச்சு.

— காரெட்டத் தூக்கிட்டு வந்து படுக்க வச்ச பிறகுதான உரிச்சேன்னு சொன்ன?

— ஆமா.

— அப்போ கண்ணுகிட்ட நடுங்காத கை, உதட்டுல வந்து எப்படி நடுங்குச்சு?

— தெரியல. தூக்கம் இல்ல.

— எல்டன். அந்தக் குழியில கத்தி விடணும்னா எதிர்ப்பக்கம் ஒருத்தன் தோலை விறைப்பா இழுத்துப் பிடிக்கணும். ஒரு கையில கத்தி, ஒரு கையில கொம்பு. தோலைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போவ?

— பல்லால கடிச்சுப் பிடிச்சேன்.

— என்கிட்டயா. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா. மானை எத்தன மணிக்குச் சுட்ட?

— மத்தியானம். ஒரு மணி இருக்கும்.

— நீ பட்டனை அமுக்கின சேதி ஷெரிஃப் ஆபீஸுக்கு வந்தது அஞ்சே காலுக்கு. நான் போலீஸ் இல்ல. உங்கப்பாவையும் இதே பாதையில எறக்கினவ. என்கிட்ட சொல்லு. அந்தக் கண்ணை யாரு பிடிச்சுக்கிட்டிருந்தது?

— அவன்தான்.

— தண்ணி எடுக்கப் போகலியா?

— எங்கயும் போகல. எனக்கு எதிர்லதான் முழங்கால் போட்டு உக்காந்திருந்தான். வேர்த்துக் கொட்டுச்சு. வெயிலுன்னு நினைச்சேன்க்கா. நெஞ்சைத் தேச்சுக்கிட்டே இருந்தான். பீன்ஸு வேலையக் காட்டுதுன்னு கிண்டல் பண்ணினேன். சிரிச்சான்.

— அப்புறம்?

— கொஞ்சம் படுக்கட்டுமான்னான். இன்னும் கொஞ்சம்தான், உதடு மட்டும்தான் பாக்கின்னேன். வெயில் ஏறுது, தோலு கெட்டுடும்னேன். அப்போ மணி ரெண்டு கூட ஆகல. புகை இல்ல, ஹெலிகாப்டர் வந்திருக்கும். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. கருவி என் சட்டைப் பையில இருந்துச்சுக்கா, கைக்கு எட்டுற தூரத்துல.

— கடவுளே. மேவிஸ்கிட்ட நான் என்ன சொல்றது? கடைசியா ஏதாச்சும் சொன்னானான்னு கேப்பாளே.

— சொன்னான்.

— என்ன சொன்னான்?

— "இடது கை மரத்துப் போச்சுடா, தோலைப் பிடிக்க முடியல"ன்னான்.

— நீ?

— அப்போ வலது கையால பிடின்னேன்.